எதிரணியில் என் மனுசன்

அந்தத் தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் கொதி வரும். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் கிறிக்கெட் கழகம். துடுப்பைப் பிடிக்கத் தெரியாத ஒரு தலைவர், அரைக் கண் பார்வையோடு நடுவராக நிற்கிற பாதிரியார், கேக்குக்காக முகத்தை முறிக்கிற இரண்டு சீமாட்டிகள், மழை தூறினால் எல்லோரும் பியர் குடிக்க ஓடுவது. இவ்வளவுதான் கதை. இதைப் பார்த்து நாடே விழுந்து விழுந்து சிரித்ததாம். சிரிக்கட்டும், எனக்கென்ன வந்தது? ஆனால் அந்தச் சிரிப்புக்குள் என் வீட்டுப் பொருள் ஒன்றும் கிடக்கிறது. அதை யாரும் எங்களிடம் கேட்டு எடுக்கவில்லை.

2009ஆம் ஆண்டு. நாங்கள் இல்ஃபோர்டில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். என் மனுசன் தபால் பிரிக்கிற இடத்தில் விடியற்காலை ஷிப்ட் செய்தார். அங்கே அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர், லண்டன் முடிந்து எசெக்ஸ் தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு சின்னக் கழகத்துக்குத் தலைவர். தேவாலயக் கோபுரம், ஓக் மரங்கள், வெள்ளைப் பலகை அடித்த ஒரு கொட்டகை, பக்கத்திலேயே மதுச்சாலை. சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை ஆள் குறைந்துபோய் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். இவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெட் காப்பாளராக நின்றவர். போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு கோடைகாலத்துச் சனிக்கிழமைகளில் எனக்கு மனுசன் கிடையாது.

"கண்டறியாத கிறிக்கெட்" என்று வாய் ஓயாமல் திட்டிப் பார்த்தேன். ஏறவில்லை. கடைசியில் நானும் போகத் தொடங்கினேன். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து என்ன செய்வது? ஆட்டத்தின் நடுவில் தேநீருக்கென்று நிறுத்துவார்கள். மைதானத்துக்காரர் வீட்டுப் பெண்கள்தான் இரண்டு அணிக்கும் மேசை நிரப்பவேண்டும். முறை வைத்துச் செய்வோம். என் முறையில் மீன் றோல்ஸும் பற்றீஸும் போகும். முதல் தரம் "ஊ, ஆ" என்று வாயை ஊதினவர்கள், பிறகு என் முறை எந்தச் சனிக்கிழமை என்று தலைவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஆட்டம் எனக்கு விளங்கவே இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் இவர் சொல்லித் தந்து பிடித்துக்கொண்டேன். ஒருவன் அவுட் ஆனது ஊருக்கே தெரிந்தாலும், எதிர்ப்பக்கத்து ஆட்கள் நடுவரைப் பார்த்து அவுட்டா என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நடுவர் விரலைத் தூக்கமாட்டார்.

"தன்ரை கண்ணாலை பாத்தும் சொல்லமாட்டாரோ?"

"கேட்டால்தான் சொல்லுவார். அதுதான் சட்டம்."

"நல்ல சட்டம். கோதாரி."

மற்றவர்கள் தொண்டை கிழியக் கேட்பார்கள். இவர் கேட்கிறது பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்காது. யாருடையவோ வீட்டுக் கதவை ஒருதரம் தட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறவரைப்போல, கையுறையை லேசாக உயர்த்திக் கேட்பார். அவர்கள் அதை வைத்துப் பகிடி பண்ணுவார்கள். "இன்றைக்கு யாரையும் எழுப்பிவிடாதே" என்பார் தலைவர். இவரும் சிரிப்பார். அப்படியான ஆள் இவர். சத்தம் போட்டு நான் கண்டதில்லை.

அந்த வருடம் தொடக்கத்தில் மாமி, அதாவது இவருடைய அம்மா, சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டுவிட்டார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை வரைக்கும் போய்விட்டார் என்று மட்டும் தெரியும். போன் இல்லை. இவர் ஷிப்ட் முடிந்த கையோடு சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு போய் நிற்பார். அங்கேயும் சத்தம் போட்டிருக்கமாட்டார், நின்றிருப்பார். மே மாதம் சண்டை முடிந்தது என்று எல்லாச் செய்தியிலும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் உண்மையான காத்திருப்புத் தொடங்கியது. ஒருவர் மாமியை முகாமுக்குப் போகிற பஸ்ஸில் ஏறக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் அப்படி ஒருவரும் வரவில்லை என்றார்.

யூன் மாதம் முகாமிலிருந்து மாமியின் பக்கத்து வீட்டுக்காரி யாருடையவோ போனில் எடுத்தாள். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற என் மச்சாள், இவருடைய ஒரே தங்கச்சி, அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மூன்று பேரும் போனைச் சுற்றி இருந்தோம்.

"தம்பி, அம்மா இல்லையப்பு. செல் விழுந்தது. நாங்கள்தான் பங்கருக்குள்ளை வைச்சு மண் போட்டு மூடினனாங்கள்."

"எந்த நாள் அக்கா?" என்று இவர் கேட்டார்.

"நாள் ஆருக்கு ராசா தெரியும்? அங்கை பகலோ இரவோ எண்டே தெரியாமல் கிடந்தனாங்கள்."

மச்சாள் நிலத்தில் விழுந்து நெஞ்சில் அடித்துக் கதறினாள். இவர், "சரி அக்கா, நீங்கள் கவனமா இருங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு எழும்பிப் போய் அடுத்த நாள் வேலைக்குப் போடுகிற சேட்டை அயர்ன் பண்ணினார்.

எங்கள் ஆட்கள் செத்தவீடு விசாரிக்க வந்தார்கள். பிரேதம் இல்லை, நாள் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வதற்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? கோயில் ஐயர் ஓர் அமாவாசையை வைத்துச் செய்யலாம் என்றார். "பொறுங்கோ, நாள் சரியாத் தெரியட்டும்" என்று இவர் தள்ளிப்போட்டார். எனக்கு விளங்கியது. அழுதாலோ எள்ளுத்தண்ணீர் இறைத்தாலோ அம்மாவைத் தானே அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், சனிக்கிழமை கையுறைகளை எடுத்துக்கொண்டு விளையாடப் போனார். சனம் என்ன கதைத்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அந்த நாட்களில் வேறு வேண்டுதல் இல்லை. இந்த மனுசன் ஒருக்கால் வாய்விட்டு அழவேண்டும். உள்ளே கட்டுப்பட்டுக் கிடக்கிறது அவரைத் தின்றுவிடும் என்று பயந்தேன். படுக்கையில் கண்ணைத் திறந்தபடி கிடப்பார். ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா அழுங்கோவன்."

"வந்தால் அழமாட்டனே?" என்றார். "வருகுதில்லை. நீர் என்ன செய்யச் சொல்லுறீர்?"

இந்த நேரத்தில்தான் அந்த நாடகக்காரர்கள் வந்தார்கள்.

யூலை மாதம் மைதானத்தை வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். கழகத்துத் தலைவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எங்கள் அணியையே கிராமத்து அணியாகக் காட்டப்போகிறார்கள், எல்லோரும் வெள்ளைக் காற்சட்டையோடு வாருங்கள் என்றார். இவர் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். "எல்லாரும் போகினம், விக்கெட்டுக்குப் பின்னாலை நிக்க ஆள் வேணும்" என்றார். நானும் விடியவே எழும்பி றோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். அன்றைக்கு என் முறை.

வாசலிலேயே தொடங்கிவிட்டது. கையில் வோக்கிடோக்கியோடு ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, சிரித்த முகம், வரிசையில் நின்ற எங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நீங்கள் கிராமம், நீங்கள் கிராமம், நீங்கள் கிராமம்." இவருக்கு முன்னால் வந்ததும் நின்றாள். "நீங்கள் அங்கே" என்று மற்றப் பக்கத்தைக் காட்டினாள். அங்கே சவுத்தாலிலிருந்து ஏஜென்சி மூலம் வந்த நம்மூர் நிறத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்கள்தான் நகரத்திலிருந்து வருகிற எதிரணி. எல்லோரும் கடைக்காரர்களாம். எதற்கெடுத்தாலும் அவுட் கேட்டுக் குதிக்கிற கூட்டமாம். கதையில் அதுதான் பகிடி.

"நான் இந்தக் கழகம்" என்றார் இவர்.

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "சும்மா ரீவிதானே, இரண்டு நாள்தானே" என்றார் பிறகு. அந்த விக்கெட்டுக்குப் பின்னால் ஐந்து கோடை நின்ற மனுசன், கிராமத்து ஆள் இல்லையாம். நேற்றுத்தான் முதன்முதலாக அந்தப் புல்லை மிதித்த நடிகன் கிராமத்து ஆளாம். இவர் பையைத் தூக்கிக்கொண்டு அங்கால் போனார்.

என்னுடைய மேசைக்கும் அதே கதிதான். கொட்டகைக்குள் என் றோல்ஸைப் பார்த்த ஒருவன், "அழகாக இருக்கிறது, ஆனால் இது கிராமத்துத் தேநீர்" என்று தட்டைத் தூக்கி வெளியே வைத்தான். அதற்குப் பதிலாக வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும், மினுக்கம் பூசிய, தின்ன ஏலாத ஒரு கேக்கும் வந்தன. பிறகு தங்கள் படப்பிடிப்பு வண்டிக்குப் பின்னால் நின்று என் றோல்ஸ் எல்லாவற்றையும் தின்று முடித்தது அதே கூட்டம்தான். விரலையும் நக்கினார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு இவருடைய கட்டம் வந்தது. ஒவ்வொரு பந்துக்கும் விக்கெட் காப்பாளர் அவுட் கேட்கவேண்டும், பாதிரியார் நடுவர் இல்லை என்று தலையாட்டவேண்டும். இவர் வழக்கம்போலக் கதவைத் தட்டுகிற மாதிரிக் கேட்டார். இயக்குநர் ஓடி வந்தார். நல்ல மனுசன்தான், குரல் உயர்த்தவில்லை. இன்னும் பெரிதாக என்றார். இவர் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். இன்னும் என்றார். முழங்காலில் விழுந்து கேள் என்றார். இவர் விழுந்தார். பாதிரியார் தலையாட்டினார். மறுபடியும். மறுபடியும். பந்து போடுகிறவனைக்கூட அனுப்பிவிட்டார்கள். கமெராவை இவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்கள். வெறும் புல், வெறும் மூன்று குச்சி, எதிரே இல்லை இல்லை என்று தலையாட்டுகிற ஒரு கிழவன்.

"அவர் இல்லை என்கிறார். நீ நம்பவில்லை. உனக்கு அது வேண்டும். கேள்!" என்றார் இயக்குநர்.

இவர் இரண்டு கையையும் தூக்கினார். கேள்வியாகத்தான் தொடங்கியது. பாதியில் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, என்ரை கடவுளே, அது மனுசக் குரலா என்று தெரியவில்லை. நீண்டுகொண்டே போனது. மூச்சு முடிந்து, மறுபடி இழுத்து, மறுபடி வந்தது. முகம் கோணிப்போய், வாய் ஓரம் நடுங்கி, கையுறையோடு நெஞ்சில் அடித்தார். மச்சாள் அன்றைக்கு எங்கள் வீட்டு நிலத்தில் கிடந்து அடித்த அதே அடி. நான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தது இதோ வந்துவிட்டது என்று ஓடினேன். அந்த வோக்கிடோக்கிப் பெட்டை குறுக்கே கையை நீட்டி, "கமெரா ஓடுகிறது" என்று காதுக்குள் சொன்னாள்.

பிறகு இயக்குநர் நிறுத்தச் சொன்னார். சிரிப்பு வெடித்தது. அவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒலி பிடிக்கிறவன் தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். பாதிரியார் சிரித்தார். எங்கள் கழகத்து ஆட்கள், இவரோடு ஐந்து கோடை தேநீர் குடித்தவர்கள், புல்லில் உருண்டார்கள். கைதட்டினார்கள். சவுத்தாலிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர் மட்டும், இவருக்குப் பக்கத்தில் நின்றவர், சிரிக்கவில்லை. குனிந்து இவருடைய தோளில் கையை வைத்தார்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிவர எல்லாருடைய பல்லும் தெரிந்தது. இவரும் சிரித்தார். கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழும்பி, மற்றவர்கள் மாதிரியே சிரித்தார். வந்த அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

நான் இயக்குநரிடம் போனேன். என் இங்கிலீசைப் பற்றி அன்றைக்கு வெட்கப்படவில்லை. "அது நடிப்பு இல்லை. அவருடைய அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். அதைப் போடவேண்டாம்" என்றேன். அவர் முகம் மாறியது. நெஞ்சில் கை வைத்து, மிகவும் வருந்துகிறேன் என்றார். வெட்டி ஒட்டும்போது யோசிப்போம் என்றார். பிறகு தன்னை அறியாமலே சொல்லிவிட்டார்: "ஆனால் தெரியுமா, முழு நாடகத்திலும் இதுதான் ஆகச் சிறந்த இடம்."

காரில் வரும்போது நான் இவருடைய கையைப் பிடித்தேன்.

"சும்மா, நடிப்புத்தானே" என்றார். றோட்டைப் பார்த்தபடி ஓட்டினார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் கழகத்துக்காரர் அந்தக் கத்தலை விடவில்லை. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் யாராவது ஒருவன் முழங்காலில் விழுந்து, நெஞ்சில் அடித்து, அதே மாதிரி ஊளையிடுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அன்பாகத்தான் செய்தார்கள், அதுதான் கொடுமை. பகைவன் என்றால் செருப்பைக் கழற்றலாம். அவர்களுக்கு விசயம் தெரியாதா என்று கேட்பீர்கள். தலைவருக்கு நான் சொன்னேன். "ஐயோ, பாவம்" என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் ஊளையிடவில்லை, மற்றவர்கள் ஊளையிட்டார்கள், அவர் தடுக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஓர் ஆட்டம். எதிரணியின் நல்ல ஆட்டக்காரன் ஒருவனுடைய துடுப்பில் பந்து உரசி வந்தது. இவர் ஒரு பக்கமாகப் பாய்ந்து பிடித்தார். உரசிய சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை. இவர் எழும்பினார், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. நடுவரும் விரலைத் தூக்கவில்லை. அந்த ஆட்டக்காரன் கடைசி வரைக்கும் நின்று அடித்து அவர்களை வெல்ல வைத்தான். பிறகு மதுச்சாலையில் அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான், உரசியது என்று. தலைவர் இவரிடம் வந்து, "ஏன் கேட்கவில்லை?" என்று சீறினார்.

"இனிமேல் நான் கேட்கப்போவதில்லை" என்றார் இவர். கையுறைகளைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வந்தார். அத்தோடு அந்தக் கழகம் முடிந்தது.

நொவெம்பரில் நாடகம் போட்டார்கள். நான் பார்க்கவேண்டாம் என்றேன். மச்சாள் விசயம் தெரியாமல், அண்ணை ரீவியில் வருகிறார் என்று புருசனையும் கூட்டிக்கொண்டு, வடையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? இவர் தானே எழும்பிப் போய்ப் போட்டார்.

கிராமம் வந்தது, பாதிரியார் வந்தார், அந்த மினுக்கக் கேக் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். பிறகு இவர் வந்தார். முழங்காலில், கையைத் தூக்கிக்கொண்டு. அந்தச் சத்தம் எங்கள் இருப்பறைக்குள் வந்தது. அதற்கு மேலே, ஒரு மண்டபம் நிறைந்த சனம் சிரிக்கிற சிரிப்பு. இவர் மூச்சு இழுக்கிற இடத்தில் சிரிப்புக் கூடியது. நெஞ்சில் அடிக்கிற இடத்தில் கைதட்டல். போதாதென்று கடைசியில் பெயர்கள் ஓடும்போது இன்னொரு தரம் போட்டார்கள்.

மச்சாளின் கையில் வடை அப்படியே நின்றது. ஒரே வயிற்றில் பிறந்தவள், அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"அண்ணை, இது அம்மாவுக்கு அழுதது எல்லே?"

"ஓம்" என்றார் இவர்.

நான் பாய்ந்து ரீவியை நிற்பாட்டினேன். இவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டேன். "இஞ்சை ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். நாங்கள் மட்டும்தான் இருக்கிறம். இப்ப அழுங்கோ. வடிவா அழுங்கோ" என்றேன். மச்சாளும் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐப்பசி மழை மாதிரி அவளுக்குக் கொட்டத் தொடங்கிவிட்டது.

இவர் வாயைத் திறந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"ஏலாது" என்றார். "வாயைத் திறந்தால் அவங்கள் சிரிக்கிறது கேக்குது."

பிறகு எழும்பிக் குசினிக்குப் போய், தங்கச்சிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.